சுவரைத் தேய்க்கும் முன்: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஊர் ஊராகக் கும்பாபிஷேக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் திருப்பணிக் குழுவினருக்கும், செயல் அலுவலர்களுக்கும், உபயதாரர்களுக்கும், ஸ்தபதிகளுக்கும் வணக்கம்.

ஒரு கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வசூல், அனுமதி, டெண்டர், மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை, அதற்கு நடுவில் ஊருக்குள் இருக்கும் பழைய மனத்தாங்கல்கள். இத்தனையையும் தாண்டி ஒரு கோயிலில் மறுபடி விளக்கெரிய வைக்கிறவர்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கல்வெட்டு இருக்கும் சுவரில் கை வைக்கும்போது நடக்கும் சில காரியங்களைப் பற்றித்தான் பேச்சு.

டெல்டா பக்கம் ஒரு கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். கருவறையின் வடபுறம், அடித்தளத்தில் மூன்று பட்டையாகச் செதுக்கிய முப்பட்டைக் குமுத வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கல்வெட்டு, அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகைக்குப் பக்கத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது. அடுத்த கல் புதுக் கல், மெஷினில் இழைத்து வழவழவென்று இருக்கிறது. பழைய கல் எங்கே என்று கேட்டால், மடைப்பள்ளி வாசலில் படியாகக் கிடக்கிறது, எழுத்து மேலே பார்க்க. தினமும் அதில் கால் வைத்துத்தான் நிவேதனம் உள்ளிருந்து வருகிறது. நிலத்தின் எல்லை சொல்லத் தொடங்கிய வரி அது. கிழக்கு எல்லை சுவரில் இருக்கிறது, மற்ற மூன்று எல்லைகளும் படியில் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கல்லில் விரிசல் விழுந்ததால் மாற்றினார்களாம். சரி, மாற்ற வேண்டியிருந்திருக்கலாம். மாற்றும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இதைச் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், “அதெல்லாம் கவர்மெண்டு எப்பவோ படி எடுத்துப் புத்தகம் போட்டாச்சே சார்.” இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. 1880களிலிருந்து அரசின் கல்வெட்டுத் துறை ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படி (நகல்) எடுத்தது. ஆனால் படி எடுத்தது எல்லாம் முழுப் பாடமாக அச்சாகவில்லை. பலவற்றுக்கு ஆண்டறிக்கையில் நாலு வரிச் சுருக்கம் மட்டும்தான் உண்டு. அந்தச் சுருக்கத்தை எழுதியவருக்கு அரசர் பெயரும் ஆட்சியாண்டும் முக்கியம். குளத்தின் பெயரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரும் முக்கியமாகப் படவில்லை. அவர்கள் போன அன்று பிற்கால மண்டபம் மறைத்திருந்த பகுதியையும், காரைப் பூச்சுக்கு அடியில் இருந்ததையும் அவர்களால் பார்க்கவும் முடியவில்லை. பூச்சைச் சுரண்டும்போது இன்றைக்கும் புதிய கல்வெட்டுகள் வெளிவருகின்றன. அவை முதலில் கண்ணில் படுவது உங்களுடைய கொத்தனாருக்குத்தான்.

இன்னொன்று. அச்சில் இருக்கும் பாடம் ஒருவர் படித்த படிப்பு. கல் சிதைந்த இடத்தில் அவர் ஊகித்து நிரப்பியிருப்பார், அல்லது புள்ளி வைத்திருப்பார். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, கொம்பில் குறில் நெடில் வேறுபாடு பல இடங்களில் தெரியாது. அதனால் சந்தேகம் வந்தால் வரலாற்றாசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கல்லுக்குத்தான் திரும்பி வருவார். கல் இல்லையென்றால் அந்தச் சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிடும்.

இப்படி ஒரு சுவரை வைத்துக்கொண்டு வரலாற்றாசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்கே தெரிந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. நாவலும் சினிமாவும் வந்த பிறகு டீக்கடையில்கூட இதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அந்தக் கொலைக்கு நம்மிடம் இருக்கும் தலையாய சான்று எங்கே இருக்கிறது? காட்டுமன்னார்கோயில் பக்கம், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில். அது கொலையைப் பற்றி எழுதிய கல்வெட்டு இல்லை, நிலத்தைப் பற்றியது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசர் ஓர் ஓலை அனுப்புகிறார். பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானவர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. கொலை செய்தி வாக்கியத்தின் போக்கில் ஒரு அடைமொழியாக வந்து போகிறது.

அதே சோழ அரச குடும்பத்தின் வரலாற்றை இன்னொரு சான்றும் சொல்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜேந்திர சோழரின் ஆறாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. அதன் வடமொழிப் பகுதி அரசவைக் கவிதை. அங்கே ஆதித்தன் கொல்லப்படவில்லை. சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் மறைந்துபோகிறான். அதன் பிறகு குடிமக்கள் கேட்டுக்கொண்டும் தம்பி அருண்மொழி (பின்னாளின் ராஜராஜர்) அரசை ஏற்காமல், சிற்றப்பா உத்தம சோழர் ஆசைப்படும் வரை அவரே ஆளட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதச் சொன்னது அருண்மொழியின் மகன்.

இரண்டில் எதை நம்புவது? வரலாற்றாசிரியர்கள் ஒன்றைத் தூக்கி வைத்து மற்றதைத் தள்ளிவிடுவது இல்லை. யார், யாருக்கு, எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேட்கிறார்கள். செப்பேட்டுக் கவிதை பின்னால் வருபவர்கள் படித்து வியக்கட்டும் என்று எழுதப்பட்டது. அது அரச குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அருமையான சான்று. நடந்தது என்ன என்பதற்குச் சுமாரான சான்று. உடையார்குடிக் கல்வெட்டுக்கு நம்மை வியக்க வைக்கும் எண்ணமே கிடையாது. நாளைக்கு இந்த நிலத்துக்கு யாரும் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. அதனாலேயே அதன் போக்கில் விழுந்த செய்திக்கு எடை அதிகம்.

அதற்காக அந்தக் கல் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. அரசர் பெயர் அதில் வெறும் ‘ராஜகேசரி’. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். உத்தம சோழர் பரகேசரி, எனவே இது அடுத்து வந்த ராஜராஜரின் இரண்டாம் ஆண்டு என்று முடிவுக்கு வருகிறார்கள். அப்படியானால் கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குடும்பங்களின் சொத்து ஏன் தொடப்படவில்லை? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இந்த இடைவெளியைப் பார்த்து உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவரும் படித்தது ஒரே கல்லைத்தான். கொலைக்குக் காரணம் என்ன, ஏவியது யார் என்று அந்தக் கல்லில் ஒரு சொல்கூட இல்லை. சமூக ஊடகங்களில் இன்றைக்கு அடித்துச் சொல்லப்படும் தீர்ப்புகள் எல்லாம் அந்த மௌனத்தில் கட்டிய வீடுகள்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சுவரில் யாரோ ஒரு காலத்தில் ‘கல் பழசாப் போச்சு’ என்று மாற்றியிருந்தால், நமக்குத் தெரிந்திருப்பது சொர்க்கம் பார்க்கப் போன இளவரசன் மட்டும்தான்.

எல்லாக் கல்வெட்டும் கொலை வழக்கு இல்லைதான். பெரும்பாலானவை சலிப்பூட்டும். நந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு, தொண்ணூறோ தொண்ணூற்றாறோ கொடுத்தார்கள், இடையர் இன்னார் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்கக் கடவார் என்று ஒரே மாதிரி நூறு வரும். இவைதான் முதலில் தேய்க்கப்படுகின்றன; ‘இது சும்மா ஆட்டுக் கணக்கு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். ஆனால் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் சோழர் கால ஆராய்ச்சியின் முகத்தை மாற்றியவை இந்தச் சலிப்பூட்டும் கல்வெட்டுகள்தான். நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞர் திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்க் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் ஆட்கள் தனித்தனியாக நிலம் விற்கிறார்கள். அல்லூரில் ஊரே கூடி விற்கிறது. நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்ற பெரிய கேள்விக்கு, அரசர்களின் வீரத்தைப் பாடாத இந்தச் சின்னப் பத்திரங்களிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அப்புறம் அவரும் எ. சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-ல் வெளியிட்டார்கள். எந்தப் பட்டம் எந்தக் காலத்தில், எந்த நாட்டில் (அன்றைய வட்டாரப் பிரிவு) அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. எண்ணிப் பார்க்கும் முறையில் ஒரு கல்லும் சில்லறை இல்லை. உங்கள் கோயிலில் அழியும் பத்து ஆட்டுக் கல்வெட்டுகள் அந்த வட்டாரத்தின் கணக்கையே சாய்த்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்கள், நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது. எந்தச் சிறகில் (தெருவின் ஒரு பக்க வரிசை) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த நானூறு பெண்களின் பெயரும் கதவு எண்ணும் ஒரே இடத்தில் கிடைக்க வேறு எங்கே போவது? எந்தக் காவியமும் அவர்களைப் பாடவில்லை.

அதே பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதும் ஒரு காலத்தில் குழப்பம்தான். தலபுராணம் கரிகாலன் என்ற கிருமிகண்ட சோழனைச் சொன்னது. குஷ்டம் தீர்ந்து கோயில் கட்டினான் என்று கதை. 1886-ல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷும் அவருடன் வேலை பார்த்த வெங்கையாவும் சுவரைப் படித்தபோது, ‘நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும்’ என்று ராஜராஜரே பேசுவது தெரிந்தது. இதைச் சொல்வதால் தலபுராணத்தைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் வந்தவர்கள் அந்தக் கோயிலை எப்படிப் புரிந்துகொண்டார்கள், எந்தக் குளத்தில் குளித்தால் எது தீரும் என்று நம்பினார்கள் என்பதற்கெல்லாம் அதுதான் சான்று. எந்தச் சான்றிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி வித்தை இருக்கிறது. கட்டிய ஆண்டைத் தலபுராணத்திடம் கேட்டால் அது தடுமாறும். ஊரின் மனசை ஆட்டுக் கணக்கிடம் கேட்டால் அதுவும் தடுமாறும்.

காலக் கணக்குக்கு வருவோம். நம் கல்வெட்டுகள் பலவற்றில் ‘இன்ன அரசருக்கு யாண்டு இத்தனையாவது’ என்றுதான் இருக்கும். தொடர்ச்சியான ஆண்டு எண் இருப்பது குறைவு. ஆனால் சிலவற்றில் கிழமை, திதி, நட்சத்திரம் சேர்ந்து வரும். கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்படிப்பட்ட குறிப்புகளை வானியல் கணக்கோடு பொருத்தித்தான், ராஜராஜர் பட்டத்துக்கு வந்தது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று ஒரே மாதத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தக் குறிப்பு கல்வெட்டின் தொடக்கப் பகுதியில் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக்கு டிரில் போடும்போது நீங்கள் துளைப்பது கிழமையாக இருக்கலாம்.

இப்போது உங்கள் தொழிலுக்கே முன்னோடியான ஒருவரைச் சொல்கிறேன். கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழரின் தாய், செம்பியன் மாதேவியார். செங்கல் தளிகளை (கோயில்களை) கற்றளிகளாக மாற்றிக் கட்டியதில் அவருக்கு இணை சொல்ல ஆள் இல்லை. திருக்கோடிகாவில் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியபோது, அங்கே பழைய கற்களில் கிடந்த கல்வெட்டுகளைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். தமக்கு முன்னால் ஆண்டவர்களின் கல்வெட்டுகள், பல்லவர் காலத்தவை உட்பட. அவற்றில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தும் வைத்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஒரு திருப்பணியில் இதைச் செய்திருக்கிறார்கள், கேமரா இல்லாமல்.

அந்தக் குறிப்பின் அருமை வரலாற்றாசிரியருக்குத்தான் தெரியும். எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வது அவர்கள் வழக்கம். திருக்கோடிகாவில் பல்லவ அரசரின் ஆண்டு இருக்கும், எழுத்தோ சோழர் கால எழுத்து. குறிப்பு இல்லையென்றால் போலிக் கல்வெட்டு என்று ஒதுக்கியிருப்பார்கள், அல்லது அரசரின் காலத்தையே தப்பாகக் கணித்திருப்பார்கள். படி எடுத்தவர் தான் எடுத்தது படி என்று சொல்லிவைத்ததால் இரண்டு ஆபத்தும் நீங்கின. நீங்கள் ஒரு கல்லை இடம் மாற்றினால், எங்கிருந்து எங்கே, எந்த ஆண்டு என்று பதிவேட்டில் எழுதி வைப்பதும் இதே வேலைதான்.

கல்வெட்டு என்றால் கணக்கு மட்டும் என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. திருவிடைவாய்க்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஓலைச்சுவடிகளில் கிடைக்கவில்லை. அந்தக் கோயில் கல்வெட்டிலிருந்துதான் கடந்த நூற்றாண்டில் மீண்டது. சுத்தம் செய்கிறோம் என்று அந்தச் சுவரில் கம்ப்ரஸரால் மணலை வீசியிருந்தால் ஒரு தேவாரப் பதிகமே போயிருக்கும்.

மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றியும் சுருக்கமாக. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. அதற்கு முன் 2010-ல் மயிலாடுதுறைப் பக்கம் கழுக்காணிமுட்டத்தில் திருப்பணி நடந்தபோதுதான் திருஇந்தளூர்ச் செப்பேட்டுத் தொகுதி வெளிவந்தது. ஆக, தோண்டும்போது எது தட்டுப்பட்டாலும் வேலையை நிறுத்திவிட்டு மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. கழுவித் துடைத்து எலுமிச்சை தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்க வேண்டாம். மண்ணோடு, கிடந்த கிடையில் பார்த்தால் தெரியும் விஷயங்கள் கழுவிய பிறகு தெரியாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். கல்லின் மேல்தோல் போய்விட்டால் எழுத்தும் போச்சு. சுரசுரப்பான முகத்தில் பாசியும் சீக்கிரம் ஏறும். இது கூடாது என்று அறநிலையத் துறையே சொல்லியிருக்கிறது, ஆனாலும் கம்ப்ரஸர் வண்டி ஊருக்குள் வரத்தான் செய்கிறது. ஆசிட், எனாமல் பெயிண்ட், அதிஷ்டானத்தை (கோயிலின் அடித்தளத்தை) மூடும் டைல்ஸ் இவற்றையும் தவிருங்கள். பிரகாரத் தரையை உயர்த்தி கிரானைட் போடும்போது அடிவரிசைக் கல்வெட்டு புதைந்துபோகும். வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர், ‘புத்தகத்தில் ஜகதியில் என்று போட்டிருக்கிறதே, ஜகதியையே காணோமே’ என்று அந்த அடிவரிசையைத் தேடித் திகைத்து நிற்பார். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் போதாது என்றால், மாநிலத் தொல்லியல் துறையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உபயம் எழுதும் கல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். ஒரு டியூப்லைட்டுக்குப் பெயர் போட்டுக்கொள்ளும் ஆசையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். தொண்ணூறு ஆடு கொடுத்தவருக்கும் அதே ஆசைதான், இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து உங்கள் கிரானைட் பலகையும் யாருக்காவது சான்றாகும். ஆனால் அதைப் பதிக்கப் பழைய கொடையாளியின் பெயரைக் கொத்தி எடுக்காதீர்கள். மதில் சுவரில் இடம் நிறைய இருக்கிறது.

எஸ்டிமேட்டில் ஒரு வரி சேருங்கள்: கல்வெட்டுகளுக்கு மைப்படியும் புகைப்படமும். மைப்படி எடுப்பது பெரிய செலவு இல்லை. கல்லைத் தண்ணீர்விட்டுச் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். பள்ளத்தில் மை படாது, எழுத்து வெள்ளையாகத் தாளில் நிற்கும். தொல்லியல் துறையில் ஆள் கிடைக்கவில்லை என்றால், பக்கத்துக் கல்லூரிகளின் வரலாற்று, தமிழ்த் துறைகளில் கல்வெட்டுப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். புகைப்படம் எடுப்பவரிடம் சாயங்கால வெயிலில், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தெரியாது. எழுத்தை மட்டும் எடுக்காமல், அது சுவரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி தள்ளி நின்றும் ஒன்று எடுக்க வேண்டும்.

சாரம் கட்டியிருக்கும் நாட்களில்தான் தேவகோஷ்டத்துக்கு (சுவரில் தெய்வ உருவம் இருக்கும் மாடத்துக்கு) மேலே இருக்கும் வரிகளுக்குக் கை எட்டும். அதனால் சாரத்தைப் பிரிக்கும் முன் படி எடுப்பவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். முகூர்த்த நாள் குறிக்கும்போதே அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டால் யாருக்கும் அவசரம் இருக்காது.

அன்புடன்,
கோயில் சுவர்களைப் படிக்க வரும் ஒருவன்